எங்கள் மரவள்ளி நிலத்துக்குக் கூடிய கூட்டம்

அரசாங்கம் எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டதில்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. எடுத்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார்களே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அடுத்த வீட்டுச் சட்டியை அதிகாரம் பண்ணி வாங்கிக்கொண்டு போய், அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, இதில் என்ன சமைக்கலாம் என்று ஊரைக் கூட்டிக் கேட்ட கதை அது.

நடந்தது மலாயாவில், வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலத்தில். பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போகும் சாலையில் எங்கள் டவுன் இருந்தது. டவுன் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். ஒரே வரிசையில் சில சீனர் கடைகள், போலீஸ் நிலையம், தமிழ்ப் பள்ளிக்கூடம், மாதா கோயில், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை. இவற்றில் எப்போதும் ஆள் நிறைந்திருந்தது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள்.

அப்பா அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். வருஷக்கணக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, டவுனுக்குப் பின்னால் காட்டோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தைவிட்டு வெளியேறி அங்கேயே பலகை வீடு கட்டினார். அதற்குப் பிறகு அவர் நடையே மாறிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அம்மாவின் நடை மாறியதா என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவள் எந்நேரமும் குனிந்தே இருந்தாள். வெண்டை, கத்தரி, பயற்றங்காய், தண்டுக்கீரை, வேலியோரம் முழுக்க மரவள்ளி. அப்பா தோண்டிய கிணறு ஒன்று, நாலைந்து தென்னை. நிலம் அப்பா பேரில் இருந்தது. அம்மா அதில் இருந்தாள்.

மரவள்ளிதான் எமனாக வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று அரிசியிலிருந்து டின் மீன்வரை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்திருந்த நேரம். ஒருநாள் அதிகாரிகள் வந்து நின்று, உங்கள் கிழங்கு காட்டுக்குள் போகிறது என்றார்கள். அம்மா கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"போறதெல்லாம் காட்டுப்பன்னிக்குத்தான் போவுது. அந்தப் பன்னி எந்தக் கட்சின்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

அதை மொழிபெயர்த்தவர் பாதியில் விட்டுவிட்டார். நல்லவேளை.

காட்டோரத்து ஆட்களையெல்லாம் ஒரே இடத்தில் குடியேற்றப் போகிறோம், பொதுக்காரியம் என்று சொல்லி நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அங்கே வாசலிலும் சிமெண்டு, கொல்லையிலும் சிமெண்டு. அம்மா முதல் நாள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எச்சி துப்புனாக்கூட உள்ள எறங்காது" என்றாள். அதே மாதம் தோட்டத்து லயங்களைச் சுற்றியும் முள்கம்பி வேலி போட்டார்கள். ஓடைப்பக்கம் லயத்துப் பெண்கள் போட்டிருந்த காய்கறிப் பாத்திகள் எல்லாம் வேலிக்கு வெளியே நின்றுபோயின. வெளியே போய் ஒரு மிளகாய் பறித்தாலும் காட்டுக்காரனுக்குக் கொண்டுபோகிறாய் என்று சோதனை. அதனால் மழை பெய்தால் நாலு பக்கமும் பச்சை பிடிக்கும் அந்த ஊரில், கீரையைச் சீனன் கடையில் கட்டுக்கட்டாக விலைக்கு வாங்கித் தின்றார்கள்.

பிறகு எங்கள் நிலத்தில் குடியேற்றம் வரவில்லை. இடம் தாழ்வு, தண்ணீர் நிற்கும் என்று அப்போதுதான் கண்டுபிடித்தார்களாம். அம்மாவைக் கேட்டிருந்தால் எந்த மூலையில் எத்தனை விரற்கடை நிற்கும் என்றே சொல்லியிருப்பாள். குடியேற்றம் வேறு பக்கம் போனது. எங்கள் நிலத்தில் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்தது, முன்னால் ஒரு பலகை, உள்ளே வரக்கூடாது என்று.

அடுத்த வருஷம் புதிதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். சின்ன வயது. வெயிலில் மூக்கு உரிந்துகொண்டே இருக்கும். மக்களின் மனதை வெல்ல வேண்டும் என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. எங்கள் மனதைத் தேடி அவர் ஜீப்பில் சுற்றியபோது, சும்மா கிடக்கும் நிலம் கண்ணில் பட்டது. இதை என்ன செய்யலாம் என்று ஊரே முடிவு செய்யட்டும் என்றார். ஒரு கமிட்டி போட்டார். நிலத்தின் பழைய சொந்தக்காரர் என்ற மரியாதைக்காக அப்பாவையும் அதில் சேர்த்தார்.

அப்பா அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். அம்மா அடுப்புக்கரி இஸ்திரிப் பெட்டியை அந்தச் சட்டைமேல் வைத்து அழுத்திய அழுத்தலில் அவள் அபிப்பிராயம் தெரிந்தது.

கமிட்டி பள்ளிக்கூடத்தில் கூடும். நான் அப்போது அங்கே சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. சாவி என்னிடம் இருந்ததால், அவர்கள் பேசி முடிக்கும்வரை பக்கத்து வகுப்பில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

சீனக் கடைக்காரர் மார்க்கெட் வேண்டும் என்றார், அவர் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில். தோட்டத்து வேலையாட்களை மேய்க்கும் பெரிய மண்டோர்தான் மாரியம்மன் கோயில் தலைவர். முனியாண்டிக்குத் தனிக் கோயில் வேண்டும் என்றார். முனியாண்டி கனவில் வந்து இடத்தைக் காட்டினாராம். கனவில் வந்த முனியாண்டி எங்கள் கிணற்றோரம் நிழலாகப் பார்த்துக் காட்டியிருந்தார், விவரமான சாமி. எங்கள் மாதா கோயில் உபதேசியார் கல்லறைத் தோட்டம் கேட்டார்.

"இருக்கிற கல்லறை நெறஞ்சு போச்சு. இனிமே யாராச்சும் எந்திரிச்சாத்தான் இன்னொருத்தர் படுக்க முடியும்" என்றார்.

அப்பா இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எந்திரிப்பாங்கன்னுதானே அவரு ஞாயித்துக்கெழம தவறாம சொல்றாரு? கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணிக்குக் கால்பந்து ஆட ஒரு பாடாங், அதாவது மைதானம், வேண்டும். அவர் தோட்டத்து அணியின் கோல்கீப்பர். ஆட்டத்தில் அவர் பந்தைப் பிடித்ததைவிட இடுப்பில் நழுவும் கால்சட்டையைப் பிடித்ததுதான் அதிகம். ஆனால் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார். அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளரும் அவர்தான்.

அப்பா கேட்டது ஒன்றுதான். நிலத்தைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்து, வேலிக்குள் அடைபட்ட லயத்துக் குடும்பங்களுக்குக் காய்கறி போடக் கொடுக்க வேண்டும். சுற்றிக் கம்பி போடட்டும், வாசலில் போலீஸ் நிற்கட்டும், சாயங்காலம் பூட்டிக்கொள்ளட்டும். அதில் கிணற்றோரப் பாத்தி ஒன்று எங்களுக்கு. இந்தக் கடைசி வரியை அவர் கமிட்டியில் சொல்லவில்லை, வீட்டில்தான் சொன்னார்.

அம்மா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "நம்ம நெலத்துல நமக்கே ஒரு பாத்தி. பிச்ச போடுற மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் வாங்கிக்குவேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்று அவள் சொன்னாள், நாங்களும் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம். சிமெண்டுத் தரையில் அவள் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கமிட்டி எத்தனை தரம் கூடியும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரி சலித்துப்போய், பொதுக்கூட்டம் போட்டு ஜனங்களையே கை தூக்கச் சொல்லலாம், எதற்கு அதிகம் கையோ அது என்றார். எல்லாரும் முதலில் பேசப் போட்டி போட்டார்கள். அப்பா மட்டும் கடைசி இடத்தைக் கேட்டு வாங்கினார். பூசையில்கூடப் பிரசங்கத்தின் கடைசி வரிக்குத்தான் ஆட்கள் விழிக்கிறார்கள், கடைசியில் கேட்டதுதான் மனதில் நிற்கும் என்பது அவர் கணக்கு. லயத்து ஆட்கள் அவருடைய ஆட்கள். அவர்களுடைய பாத்திக்கு அவர்கள் கை தூக்கமாட்டார்களா?

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துத் திடலில் கூட்டம். தோட்டத்து லோரிகள் லயத்து ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கின. இறங்கியதும் அவர்கள் தாங்களாகவே வரிசை வரிசையாக நின்றுவிட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதிகாரி அசந்துபோனார். என்ன கட்டுப்பாடு, என்ன ஒழுங்கு என்று கிராணியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

அது ஒழுங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரட்டு. விடியும் முன் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் வேலையாட்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். கை தூக்கினால் அன்றைக்கு வேலை உண்டு, கூலி உண்டு. தூக்காவிட்டால் இரண்டும் இல்லை. வராத கூட்டாளிக்கும் சேர்த்து இன்னொரு தரம் தூக்கி மாட்டிக்கொண்டால், தூக்கியவனுக்கும் அன்றைய பேர் வெட்டு. பிறந்ததிலிருந்து அந்தக் கிராணி குரலுக்குக் கை தூக்கிய ஜனங்கள். இன்றைக்கு மேடையில் நின்றதும் அதே கிராணி, அதே குரல்.

மேடையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் கை தூக்கக்கூடாது என்று ஏற்பாடு. அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்து ஓரமாக நின்றோம்.

கடைக்காரர் மார்க்கெட்டைப் பற்றி மலாயில் நாலு வார்த்தை பேசினார். பின்வரிசைக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கிராணி எழுந்து, "கை தூக்குங்க!" என்றார்.

தூக்கினார்கள். திடல் முழுக்கக் கை. கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். மார்க்கெட்டே கட்டி முடித்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

மண்டோர் முனியாண்டியைப் பற்றிப் பேசினார். "கை தூக்குங்க!" திடல் முழுக்கக் கை. ஜெபமாலை போட்டிருந்தவர்களும் முனியாண்டிக்குத் தூக்கினார்கள். உபதேசியார் முகம் கோணிப்போனது. ஆனால் அடுத்து அவர் கல்லறை கேட்டபோது நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் வேதக்காரர் கல்லறைக்குக் கை தூக்கியதைப் பார்த்ததும், ஆண்டவர் இதயங்களைத் திருப்பிவிட்டார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கிராணி பாடாங் கேட்டுத் தானே கை தூக்கச் சொன்னார். மறுபடி அத்தனை கையும்.

அதிகாரி மூக்கைச் சொறிந்தார். இருக்கும் ஜனம் இவ்வளவு, எல்லாவற்றுக்கும் எல்லாரும் கை தூக்கினால் எதைக் கட்டுவது? கிராணியைக் கூப்பிட்டு, ஒருவருக்கு ஒரு கைதான், அதை அவர்களுக்கு விளக்கிச் சொல் என்றார். கிராணிக்குக் காலைச் சாப்பாடு தாண்டிய நேரம். பெரட்டில் கத்தும் குரலிலேயே கத்தினார்.

"ஒரு ஆளுக்கு ஒரு தரம்தான் கை! ரெண்டு தரம் தூக்கப்புடாது! வெளங்குச்சா?"

வெளங்குச்சு என்று எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

அப்பா எழுந்தார். நன்றாகத்தான் பேசினார். எனக்கே ஆச்சரியம். ஓடைக்கரைப் பாத்திகளைச் சொன்னார், கடையில் வாங்கும் வாடிய கீரையைச் சொன்னார். "நம்ம கையால போட்டு நம்ம கையால பறிச்சுத் திங்கணும், அவ்ளோதான் நான் கேக்குறது" என்று முடித்தார்.

"கை தூக்குங்க" என்றார் கிராணி.

ஒரு கையும் எழவில்லை.

இல்லை, இரண்டு எழுந்தன. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று என்னுடையது. இரண்டும் அப்பா வீட்டுச் சோறு தின்னும் கைகள். அம்மா காலையிலிருந்து எதற்கும் கை தூக்காமல் இதற்காகச் சேர்த்து வைத்திருந்தாள். கை தூக்கியவள் இறக்கவே இல்லை, கிராணி போதும் என்று சைகை காட்டிய பிறகும். அப்பா வரிசை வரிசையாகப் பார்த்தார். அவரோடு மரம் வெட்டியவர்கள், அவர் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள், எல்லாரும் கையைத் தொடையோடு ஒட்ட வைத்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றார்கள். அவர் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நன்றி கெட்ட ஜனங்கள், இவர்கள் வாடிய கீரையே தின்னட்டும் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். அப்பா அன்றிலிருந்து கள்ளுக்கடைக்குப் போவதை நிறுத்தினார். குடிக்காததற்காக ஒரு மனிதனைப் பார்த்து வீடு கவலைப்பட்டது அப்போதுதான். தெருவில் தோட்டத்து லோரி போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிலம் போனபோதுகூட அவர் இப்படி ஆகவில்லை. "நம்ம ஆளுங்க" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் அந்த வார்த்தையை விட்டுவிட்டார்.

மற்ற நாலும் சமம் என்பதால் அதிகாரி பாடாங்குக்குத் தீர்ப்புச் சொன்னார். அதுதான் சுலபம். புல்லை வெட்டி, நாலு கம்பம் நட்டால் முடிந்தது. தென்னைகளை வெட்டினார்கள். பந்து விழும் என்று கிணற்றை மூடினார்கள். புல்லுக்குள் மிச்சமிருந்த மரவள்ளியைப் பிடுங்கியவர்கள் தண்டுகளைத் துண்டுதுண்டாக அங்கேயே போட்டு மண்ணை மிதித்துவிட்டார்கள். மரவள்ளி தெரிந்த யாரும் அதைச் செய்யமாட்டார்கள். இரண்டு மழை பெய்ததும் கோல் கம்பங்களுக்கு நடுவில் வரிசையாகத் துளிர்த்து நின்றது.

பாடாங் திறப்பு ஆட்டத்தன்று டவுனே அங்கே போனது. அப்பா போகவில்லை. பனியனோடு முன்வாசலில் உட்கார்ந்து, படித்த பேப்பரையே படித்துக்கொண்டிருந்தார். அப்போது லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்து நிரையில் வருஷக்கணக்காக மரம் வெட்டியவள். ஆட்டம் பார்க்க லோரியில் வந்தவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை. "அண்ணே, இந்தப் பந்தாட்டமெல்லாம் முடிஞ்சாப்பெறகுதான் பாத்தி பிரிப்பாங்களா? இன்னிக்கே அளந்து குடுத்துருவாங்களான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். கத்தரி விதை. "இப்பப் போட்டாத்தாண்ணே தைப்பொங்கலுக்குக் காய்க்கும்."

பேப்பர் இறங்கியது. "எந்தப் பாத்தி?"

"நீங்க கேட்ட பாத்திதான்."

"அதுக்குத்தான் ஒருத்தரும் கை தூக்கலையே!" நான் உள்ளேயிருந்து கத்தினேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் டீச்சருக்கு இவ்வளவுதான் விவரமா என்றிருந்தது. "எல்லாரும் தூக்கினோம்லா! லோரியில வரும்போதே பேசிக்கிட்டுத்தானே வந்தோம், அண்ணன் நமக்காகக் கேக்குறாரு, எல்லாரும் தூக்கணும்னு. கிராணி தூக்குங்கன்னாரு, தூக்குனோம். திரும்பத் திரும்பத் தூக்கச் சொன்னாரு, நாங்களும் அண்ணனுக்குத்தானேன்னு தூக்குனோம். பெறகு ஒரு தரத்துக்கு மேல தூக்கப்புடாதுன்னு கத்துனாரு. அதான் அதுக்குமேல தூக்கல. பேரு வெட்டிட்டா?"

பாடாங் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்டது.

"மார்க்கெட்டுக்குத் தூக்குனீங்களே" என்றார் அப்பா மெதுவாக.

"எந்த மார்க்கெட்டு?"

"முனியாண்டி கோயிலுக்கு?"

"ஒங்களுக்குத்தாண்ணே."

"வேதக்காரங்க கல்லறைக்கு?"

அவள் பயந்துபோனாள். "ஐயையோ, யாருண்ணே செத்தது?"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமி, மூச்சு முட்டி, பேப்பரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். துடைத்தும் கண் நிற்கவில்லை. அம்மா கதவோரம் வந்து நின்றாள். "கேட்டியா?" என்றார் அவளிடம். "அத்தன தரமும், அத்தன கையும், எனக்குத்தானாம்."

"கேட்டேன்" என்றாள் அம்மா. "கையெல்லாம் நமக்குத்தான். நெலம்தான் நமக்கு இல்ல."

நடந்ததை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் அவள் அழவில்லை. கிராணியின் தாய்வழி தகப்பன்வழி இரண்டையும் நிதானமாக எடுத்துச் சொல்லித் திட்டினாள். அம்மா கூடவே எடுத்துக் கொடுத்தாள். அப்பா இஸ்திரி போடாத சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, கலைந்த தலையோடு, தன் ஆட்கள் நிற்கும் பாடாங்கைப் பார்த்து வேகமாக நடந்தார்.

அன்று கிராணி கோலுக்குள் மரவள்ளித் துளிரில் கால் தடுக்கி விழுந்து, பந்து உள்ளே போனதாம். லயத்து ஜனங்கள் கூச்சல் போட்டுக் கையைத் தூக்கினார்களாம், அப்பாவும் நடுவில் நின்று தூக்கினாராம். நான் பார்க்கவில்லை. நான் வீட்டில் அம்மாவோடு இருந்தேன். அவள் அந்த விதைகளை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொல்லைச் சிமெண்டில் எந்த இடம் லேசாக வெடித்திருக்கிறது என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.